கேர்லிங் விளையாடும் பிள்ளைக்கு மருத்துவம்தான் வழியா?

அண்ணா, அக்கா, உங்கள் மடலை வாசித்தேன். பெயரும் ஊரும் இல்லாமல் பொதுவில் பதில் எழுதச் சொன்னீர்கள். சுவீடனில் இதே யோசனையில் இருக்கும் மற்றப் பெற்றோருக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

மகள் ஜிம்னாசியத்தில், அதாவது மேல்நிலைப் பள்ளியில், கடைசி வருடம். கணிதத்தில் நல்ல புள்ளி எடுக்கிறாள். பின்னேரங்களில் கேர்லிங் மண்டபத்தில் நிற்கிறாள், பனித்தரையில் கனமான கல்லைச் சறுக்கிவிடும் அந்த விளையாட்டு இல்லாத நாளில் பாடசாலை நாடகக் குழு. சின்னப் பிள்ளைகளுக்குக் கேர்லிங் பழக்குவதும் அவள்தான். லண்டன் பெரியப்பா போலந்தில் மருத்துவத்துக்கு இடம் பார்த்துவிட்டார், முற்பணம் கட்டச் சொல்லி நெருக்குகிறார். பிள்ளையோ சாப்பாட்டு மேசையில் கதைப்பதையே நிறுத்திவிட்டாள்.

கவலைப்படாதீர்கள், எல்லாம் சரிவரும் என்று இரண்டு வரியில் முடித்திருக்கலாம். அப்படி முடிக்க மனம் வரவில்லை. நீங்கள் கேர்லிங்கையும் நாடகத்தையும் பார்த்துப் பயப்படுகிறீர்கள். எனக்குப் பயமாக இருப்பது அந்த முற்பணம்.

காசுக் கணக்கை முதலில் பார்ப்போம். போலந்தில் ஆங்கில வழி மருத்துவத்துக்குக் கல்விக் கட்டணம் மட்டுமே வருடத்துக்கு 10,000 யூரோவைத் தாண்டும். ஆறு வருடப் படிப்பு. வாடகை, சாப்பாடு, வந்து போகும் செலவு எல்லாம் வேறு. கட்டணத்துக்குச் சி.எஸ்.என்., அதாவது மாணவருக்கு மானியமும் கடனும் கொடுக்கும் அரச நிறுவனம், மேலதிகக் கடன் தரும், ஆனால் அதற்கும் உச்சவரம்பு உண்டு. அந்தக் கடன் பெரியப்பாவின் பெயரிலோ உங்கள் பெயரிலோ எழுதப்படாது. மகளின் பெயரில் எழுதப்பட்டு, அவள் நடுவயது வரை கட்ட வேண்டியிருக்கும். விருப்பமில்லாத படிப்புக்கு ஒரு பிள்ளையின் தலையில் இவ்வளவு கடனை ஏற்ற நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன். அவளே மருத்துவம்தான் வேண்டும் என்று நின்றால் பேச்சு வேறு. உங்கள் மடலில் அவள் அப்படிச் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை.

சுவீடனுக்குள்ளே மருத்துவம், சிவில் இன்ஜினியர், ஐ.டி. பற்றியெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல உங்களைச் சுற்றி ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள்.

"கேர்லிங் சோறு போடுமா?" என்று கேட்டிருந்தீர்கள். இந்த நாட்டில் அந்த விளையாட்டின் உச்சியைத் தொட்ட ஒருவரைப் பாருங்கள். அனெட் நோர்பெரி, 1966இல் ஹேர்னோசாண்டில் பிறந்தவர். 2006 டூரின் ஒலிம்பிக் இறுதிப் போட்டி, சுவிட்சர்லாந்து அணியோடு. பத்துச் சுற்று முடிந்தும் சமநிலை, பதினோராவது சுற்று. கடைசிக் கல் அவர் கையில். இருபது கிலோவுக்குச் சற்றே குறைந்த கருங்கல் அது. ஒரே எறிதலில் எதிரணியின் இரண்டு கல்லையும் வெளியே தள்ளி 7–6 என்று வென்றார். அப்போது அவருக்கு 39 வயது. 2010 வான்கூவரில் கனடாவைக் கனடாவிலேயே, மறுபடியும் கூடுதல் சுற்றில், மறுபடியும் 7–6 என்று தோற்கடித்தார். அதற்குப் பிறகு இளம் பெண்களைச் சேர்த்துப் புது அணி கட்டி 2011இல் உலகக் கிண்ணத்தையும் எடுத்தார்.

அவருடைய தொழில் என்ன தெரியுமா? ஆக்சுவரி. எத்தனை பேருக்கு எப்போது எவ்வளவு இழப்பீடு கொடுக்க வேண்டிவரும் என்று காப்பீட்டு நிறுவனங்களுக்குக் கணக்குப் போட்டுச் சொல்லும் கணித வேலை. அந்த வேலையை வைத்துக்கொண்டேதான் கேர்லிங் விளையாடினார். 2013இல் டிவி4 தொலைக்காட்சியின் 'லெட்ஸ் டான்ஸ்' நடனப் போட்டியிலும் இறங்கி ஆடினார். கணக்கு, பனிக்கட்டி, மேடை மூன்றுக்கும் ஒரே வாழ்க்கையில் இடம் இருந்திருக்கிறது.

மருத்துவத்தை நான் வெறுப்பதாக நினைக்க வேண்டாம். நோர்பெரிக்கு முன்பு சுவீடன் அணியின் தலைவியாக நின்று 1992, 1995, 1998, 1999 என நான்கு முறை உலகக் கிண்ணம் வென்ற எலிசபெத் குஸ்தாஃப்சன் ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவர். அது அவர் போன வழி. உங்கள் மகள் போக விரும்பும் வழி வேறு. மடலின் கடைசிப் பக்கத்தில் நீங்களே போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "படிப்பிக்கிற விசர் ஒன்று இருக்கு." அந்த வரியை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

உங்கள் வீட்டில் யாரும் பேசாத ஒரு வழி இருக்கிறது. ஒரு வருடம் ஃபோல்க்ஹேக்ஸ்கூலா என்னும் வளர்ந்தோர் கல்விப் பள்ளியில் நாடகம், பிறகு பல்கலைக்கழகத்தில் கணிதம், அதன்மேல் கே.பி.யூ. என்னும் ஆசிரியப் பயிற்சி.

ஃபோல்க்ஹேக்ஸ்கூலா என்றதும் நம் ஆட்கள் "படிக்காத ஆட்கள் போற இடம்" என்று முகத்தைச் சுளிப்பார்கள். 1868இல் தொடங்கிய மரபு அது. இன்று நாடு முழுக்க 150க்கு மேல் இருக்கின்றன. கல்விக் கட்டணம் கிடையாது. பல இடங்களில் அங்கேயே தங்கலாம், தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பொருட்களுக்கும் மட்டும் காசு. சி.எஸ்.என். மானியமும் கடனும் கிடைக்கும். பள்ளியில் சேரப் பெரும்பாலும் 18 வயது ஆகியிருக்க வேண்டும். நாடகப் பிரிவில் சேர மதிப்பெண்ணைப் பார்த்து எடுப்பது வழக்கமில்லை. அழைத்துப் பார்ப்பார்கள்: ஒரு தனிமொழி, சில இடங்களில் ஒரு பாட்டு, அப்புறம் அன்றுதான் சந்தித்த ஆட்களோடு ஒரு குழுப் பயிற்சி. உள்ளே போனால் காலையில் உடலுக்கும் குரலுக்கும் பயிற்சி, பிறகு பிரதியோடு உட்கார்வது, மத்தியானம் விளக்கு, உடை, மேடை கட்டுவது. பலகை அறைவதும் அவர்களே, நடிப்பதும் அவர்களே. கடைசியில் ஊராரை அழைத்து மேடையேற்றுவார்கள். இதற்கு அன்டாக்னிங் என்னும் பல்கலைக்கழக விண்ணப்பத் தளத்தில் விண்ணப்பிப்பதில்லை, அந்தந்தப் பள்ளிக்கு நேரே எழுத வேண்டும். கடைசித் தேதியும் பள்ளிக்குப் பள்ளி மாறும். பக்கத்தில் கேர்லிங் மண்டபம் உள்ள பள்ளியாகத் தேடச் சொல்லுங்கள், குளிர்காலத்தில் அவள் விளையாட்டு விட்டுப்போகாது.

அந்த ஒரு வருடம் வீண் என்று பெரியப்பா சொல்வார். பதினைந்து வயதுப் பிள்ளைகள் முப்பது பேருக்கு முன்னால் நின்று இயற்கணிதம் சொல்லப்போகிறவளுக்குக் குரல் வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்ற உணர்வு வேண்டும், எந்த இடத்தில் பேச்சை நிறுத்த வேண்டும் என்று தெரிய வேண்டும். இதை அவள் அங்கே கற்றுக்கொள்வாள்.

பிறகு கணிதத்தில் மூன்று வருட இளநிலைப் பட்டம், 180 புள்ளி (இங்கே புள்ளி என்பது மதிப்பெண் அல்ல, படிப்பின் அளவு). இந்த நாட்டில் நிரந்தர வதிவிடம் உள்ள பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. அதன்மேல் கே.பி.யூ., 90 புள்ளி, ஒன்றரை வருடம். அதில் 30 புள்ளி, அதாவது இருபது வாரம், ஒரு பாடசாலையில் அனுபவமுள்ள ஆசிரியரோடு நின்று படிப்பிக்கும் பயிற்சி. முடித்தால் ஆசிரியர் பட்டம், அதைக் காட்டி ஸ்கூல்வேர்க்கெட் என்னும் தேசியப் பள்ளிக் கல்வி நிறுவனத்திடம் ஆசிரியர் உரிமம் எடுக்கலாம். உரிமம் இல்லாதவருக்கு வழக்கமாக நிரந்தர நியமனம் கிடையாது, ஆகவே அதை எடுக்காமல் விடக்கூடாது. கே.பி.யூ.வில் சேரக் கணிதத்தில் எத்தனை புள்ளி வேண்டும் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். 90 முதல் 120 வரை என்று வைத்துக்கொண்டு, பட்டப்படிப்பின் முதல் வருடத்திலேயே அந்தப் பட்டியலைப் பார்த்துப் பாடங்களைத் தெரிவுசெய்யட்டும். இதைக் கவனிக்காமல் கடைசியில் ஒரு தவணை கூடுதலாகப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், நடுவில் மனம் மாறினாலும் கை வெறுமையாக இராது. கணிதப் பட்டத்தோடு ஆக்சுவரிப் பக்கம் திரும்பலாம். நடிப்புத்தான் என்று தோன்றினால், அதற்கான கலைக் கல்லூரித் தெரிவுக்கு ஒரு வருட மேடை அனுபவத்தோடு போகலாம்.

சி.எஸ்.என். கணக்கும் பொருந்துகிறது. ஜிம்னாசியத்துக்குப் பிந்திய படிப்புக்கு மொத்தம் 240 வாரம் உதவி உண்டு. பட்டத்துக்கு 120, கே.பி.யூ.வுக்கு 60, நாடக வருடத்துக்கு ஏறக்குறைய 40. எல்லாம் சேர்த்தாலும் 220தான். எடுக்கும் பணத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் மானியம், திருப்பிக் கட்டத் தேவையில்லை. மிச்சக் கடனையும் முழுதாக எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வீட்டிலிருந்து போய்வரக்கூடிய பல்கலைக்கழகம் என்றால் பாதிக் கடனே போதும்.

கேர்லிங்கைப் பற்றியும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், இது மகளுக்கு. விளையாட்டு உதவித்தொகையை நம்பித் திட்டம் போடாதே, பிள்ளை. உயர்மட்ட வீரர்களுக்கான சலுகைகள் தேசிய அளவில் இருப்பவர்களுக்குத்தான். நீ கழக மட்டத்தில் நிற்கிறாய். அதனால் விளையாட்டை விடத் தேவையில்லை, நோர்பெரி பட்டம் வென்ற வயதைப் பார், உனக்கு இன்னும் காலம் கிடக்கிறது. ஆனால் வாடகையை அதை வைத்துக் கணக்குப் போடக்கூடாது.

அண்ணா, இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். முற்பணம் கட்டாதீர்கள். பெரியப்பா கோபித்துக்கொண்டால் முடிவு இன்னும் எடுக்கவில்லை என்று நீங்களே சொல்லுங்கள், பிள்ளையைத் தொலைபேசியில் முன்னால் விடாதீர்கள். பாடசாலையின் படிப்பு வழிகாட்டியிடம் நேரம் எடுத்து, அவளைத் தனியாகப் போகவிடுங்கள். நாடகப் பிரிவுக்கு எழுதினாலும், இலையுதிர்காலத் தவணைக்கான கணிதப் பட்டத்துக்கும் ஏப்ரல் 15க்குள் விண்ணப்பித்து வைக்கட்டும், நாடகத்துக்கு இடம் கிடைக்காவிட்டால் வருடம் போகாது. ஜிம்னாசியம் முடிந்ததும் நகரசபையின் மாற்று ஆசிரியர் பட்டியலில் பெயர் கொடுக்கலாம். பட்டம் இல்லாமலே மணிக்கணக்குச் சம்பளத்துக்கு எடுக்கிறார்கள். பொலிஸ் பதிவேட்டின் சான்று மட்டும் கேட்பார்கள், அது வர நாள் எடுக்கும், இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். படிப்பிப்பது அவளுக்கு ஒத்துவருமா என்பது அந்த வகுப்பறையில் ஒரு மாதம் நின்றாலே அவளுக்குத் தெரிந்துவிடும்.