தலைவர் மாறினால் கம்பெனி கைமாறுமா? சுரங்கப் பங்குகள் பற்றிக் கேள்வி பதில்

கம்பெனி செக்ரட்டரியாக வேலை பார்த்து ஓய்வு பெற்று, மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். கடலூர், புதுச்சேரிப் பக்கமிருந்து சுரங்கப் பங்கு வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு இங்கே பதில். வாங்குங்கள், விற்றுவிடுங்கள் என்று யாருக்கும் சொல்லமாட்டேன். அதற்குப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு வேண்டும், எனக்கு அது கிடையாது.

வடலூர்: நெய்வேலி நிலக்கரிக் கம்பெனிக்குத் தலைவராக வந்தவர், மத்திய அரசின் இன்னொரு மின் கம்பெனியான என்டிபிசி-காரர். அப்படியானால் என்டிபிசி இதை வாங்கப்போகிறது என்று எங்கள் டீக்கடையில் அடித்துச் சொல்கிறார்கள். உண்மையா?

பிரசன்ன குமார் மோட்டுப்பள்ளி பொறுப்பேற்றது 2023 ஜனவரியில். அன்றிலிருந்து இந்தக் கதை ஓடுகிறது. பொதுத்துறையில் நாற்காலி மாறுவது காலண்டர் விஷயம். 60 வயது ஆனால் வீட்டுக்குப் போகவேண்டும். அதற்கு முன்பே பொதுத்துறை நிறுவனத் தேர்வு வாரியம் விளம்பரம் கொடுத்து, நேர்காணல் நடத்திப் பெயரைப் பரிந்துரைக்கும். அமைச்சரவையின் நியமனக் குழு ஒப்புதல் தரும். மின்நிலையம் நடத்தும் கம்பெனிக்கு மின்நிலையம் நடத்திப் பழகியவர் வருவதில் என்ன மர்மம்? மாப்பிள்ளை திண்டிவனத்துக்காரர் என்பதற்காக வீட்டைத் திண்டிவனத்துக்கு எழுதிக் கொடுப்பார்களா?

ஒரு பொதுத்துறை இன்னொரு பொதுத்துறையை வாங்குவது நடக்காத காரியம் இல்லை. 2018 ஜனவரியில் ஓஎன்ஜிசி, ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தில் அரசு வைத்திருந்த 51.11 சதவீதத்தை 36,915 கோடி ரூபாய்க்கு வாங்கியது. சாதாரணமாக ஒருவர் கையில் 25 சதவீதம் சேர்ந்தால், மற்ற பங்குதாரர்களிடமிருந்து இன்னும் 26 சதவீதம் வாங்க ஓபன் ஆஃபர் கொடுக்கவேண்டும். அந்த விற்பனைக்கு விலக்குக் கிடைத்தது. பணமெல்லாம் அரசுக்குப் போனது, சில்லறை முதலீட்டாளருக்கு ஓபன் ஆஃபர் வரவே இல்லை. டீக்கடை சொல்வது ஒருநாள் பலித்தாலும் உங்கள் பங்கை நல்ல விலைக்குக் கேட்டு யாரும் வாசலில் வந்து நிற்பார்கள் என்று எண்ணவேண்டாம்.

எதைக் கேட்டாலும் முதலில் பங்குச் சந்தையின் (எக்ஸ்சேஞ்ச்) இணையதளத்தில் அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

லாஸ்பேட்டை, புதுச்சேரி: பாரிஸில் இருக்கும் என் மைத்துனர் பாரிக் தங்கச் சுரங்கப் பங்கு வைத்திருக்கிறார். தலைவர் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டார், இனி இன்னொரு தங்கச் சுரங்கக் கம்பெனியான நியூமான்ட் விழுங்கிவிடும், லாபம்தான் என்கிறார். நம்பலாமா?

இது நல்ல கேள்வி, கொஞ்சம் உட்கார்ந்து பேசலாம்.

2025 செப்டம்பர் 29 அன்று மார்க் பிரிஸ்டோ பாரிக்கை விட்டு விலகினார் என்று அறிவிப்பு வந்தது. மார்க் ஹில் இடைக்காலத் தலைவரானார். அதே நாளில் நியூமான்ட்டும் ஒன்றை அறிவித்தது: டாம் பால்மர் வருடக் கடைசியில் ஓய்வு, 2026 ஜனவரி 1 முதல் நடாஷா வில்யோன். இரண்டு அறிவிப்பையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒன்றில் வாரிசு தயார், தேதி தயார். இன்னொன்றில் ‘இடைக்கால’ என்ற சொல். சந்தைக்கு மூக்கில் வியர்த்தது அந்தச் சொல்லைப் பார்த்துத்தான்.

ஆனால் வதந்தி அதனால் மட்டும் பிறக்கவில்லை. அமெரிக்காவின் நெவாடாவில் இரண்டு கம்பெனிகளுக்கும் கூட்டுச் சுரங்கங்கள் இருக்கின்றன. பாரிக்குக்கு 61.5 சதவீதம், நியூமான்ட்டுக்கு 38.5. நடத்துவது பாரிக். இந்தக் கூட்டு வந்த விதமே வேடிக்கை. 2019 பிப்ரவரியில் நியூமான்ட்டை விழுங்கப் பார்த்தது பாரிக், அப்போது தலைவர் இதே பிரிஸ்டோ. சந்தை விலைக்கு மேல் ஒரு காசு கூடத் தரமாட்டேன் என்று கேட்டார். நடக்கவில்லை. மார்ச்சில் சமாதானமாகி நெவாடாவை மட்டும் சேர்த்து நடத்த ஒப்புக்கொண்டார்கள். ஒரே கிணற்றில் இரண்டு பங்காளிகள் தண்ணீர் இறைத்தால், ஒருவர் வீட்டில் தலைவர் மாறும்போது மற்றவர் எட்டிப்பார்ப்பார்.

இன்னொரு பக்கம் மாலி நாடு. அங்கே பாரிக்கின் பெரிய தங்கச் சுரங்கம் அரசுடன் தகராறில் 2025 ஜனவரியில் நின்றது. ஜூனில் நீதிமன்றம் தற்காலிக நிர்வாகியை நியமித்தது. சமரசம் வந்தது நவம்பரில்தான். இப்படிச் சிக்கல் இருக்கும் கம்பெனியை வாங்க நினைப்பவர் நெவாடாவைத்தான் கேட்பார். முழுக் கம்பெனிக்கும் விலை வரும் என்று மைத்துனர் கணக்குப் போட்டிருந்தால் அதைத் திருத்தச் சொல்லுங்கள்.

பேரம் தொடங்கினாலும் முடியும் என்று சொல்லமுடியாது. 2024 ஏப்ரலில் ஆங்கிலோ அமெரிக்கன் என்ற சுரங்கக் கம்பெனியைக் கேட்டு இன்னொரு சுரங்கக் கம்பெனியான பிஎச்பி போனது. மூன்று முறை விலை சொல்லியும் ஆங்கிலோ சம்மதிக்கவில்லை, மே 29-ல் பிஎச்பி விலகியது. மறு வருடம் செப்டம்பரில் ஆங்கிலோ, கனடாவின் டெக் கம்பெனியோடு இணைப்பை அறிவித்தது. நவம்பரில் பிஎச்பி மறுபடி கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. நடுவில் வதந்தியை நம்பி உச்சத்தில் வாங்கியவர்களை யாரும் கணக்கெடுப்பதில்லை.

நெல்லிக்குப்பம்: டெலிகிராமில் ஒரு சிறிய கனிமக் கம்பெனியின் பெயர் கொடுத்து, வெளிநாட்டு நிறுவனம் வாங்கப்போகிறது, திங்கட்கிழமைக்குள் வாங்குங்கள் என்கிறார்கள்.

அறிவிப்பு எங்கே? இல்லையென்றால் விடுங்கள்.

பண்ருட்டி: தலைவர் ராஜினாமா செய்தால் எத்தனை நாளில் சொல்லவேண்டும்?

முக்கியப் பொறுப்பில் இருப்பவரின் ராஜினாமாவைக் கம்பெனி 24 மணி நேரத்தில் எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிவிக்கவேண்டும். அப்புறம், ராஜினாமா அமலுக்கு வந்த 7 நாளில் ராஜினாமாக் கடிதத்தை வெளியிடவேண்டும். அந்தக் கடிதத்தைப் படியுங்கள். ‘சொந்தக் காரணம்’ என்று இரண்டு வரி இருந்தால் ஒரு மாதிரி, ஒன்றரைப் பக்கம் இருந்தால் வேறு மாதிரி. சந்தை மதிப்பில் முதல் 250 கம்பெனிகள், பங்கு விலையை அசைக்கும் வதந்தி ஊடகத்தில் வந்தால், உண்டு இல்லை என்று 24 மணி நேரத்தில் சொல்லவேண்டும். 251-வது கம்பெனிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. டெலிகிராம்காரர்கள் ஏன் சின்னக் கம்பெனிகளையே பிடிக்கிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிற ஊர்க்காரர் நீங்கள். சுரங்கத்தில் சரக்கு மண்ணுக்கடியில் இருக்கிறது, தட்டக்கூட முடியாது. காகிதத்தையாவது தட்டிப் பாருங்கள்.

மந்தாரக்குப்பம், ஓய்வு பெற்ற சுரங்க ஊழியர்: நெய்வேலியை யாரும் கைப்பற்ற முடியாது என்பது போலப் பேசுகிறீர்கள். மத்திய அரசின் பங்கு 93.56 சதவீதம் இருந்தது 72-க்கு வந்துவிட்டது. சொட்டுச் சொட்டாக விற்பதும் விற்பதுதானே?

அண்ணே, கணக்கு சரி. 2013-ல் 93.56-லிருந்து 90. கடைசியாக 2024 மார்ச்சில் 7 சதவீதத்தை, குறைந்தபட்ச விலை 212 ரூபாய் வைத்து விற்றதில் 79.2-லிருந்து 72.2. ஆனால் அந்த விற்பனையைக் கைமாற்றம் என்று சொல்லமுடியாது. பட்டியலிட்ட கம்பெனியில் 25 சதவீதமாவது பொதுமக்களிடம் இருக்கவேண்டும் என்ற விதி இருக்கிறது. அரசு கம்பெனி என்ற பெயர் நிற்க 51 போதும். இன்னும் 21 சதவீதம் தூரம் இருக்கிறது.

அதே அண்ணன்: விதி என்பது அவர்களுக்குச் சாக்கு. 2006-ல் நாங்கள் வேலைநிறுத்தம் செய்ததால்தான் நின்றது.

அது நிஜம். அப்போது 10 சதவீதம் விற்க மத்திய அரசு முடிவெடுத்தது. தொழிலாளர்கள் இறங்கினார்கள், கூட்டணியில் இருந்த திமுக எதிர்த்தது. ஜூலையில் மன்மோகன் சிங் அரசு பொதுத்துறைப் பங்கு விற்பனை எல்லாவற்றையுமே நிறுத்திவைத்தது. நெய்வேலிக்காக நாடு முழுவதும் நின்றது.

கடலூர் முதுநகர்: குறுக்கே வருகிறேன். 2013-ல் தமிழ்நாடு அரசு நிறுவனங்கள் 3.56 சதவீதம் வாங்கினவே, அதனால் என்ன அதிகாரம் வந்தது? வெறும் அரசியல் காட்சி.

அதிகாரம் வரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். கம்பெனியின் பெரிய முடிவுகளுக்கு முக்கால்வாசி ஓட்டோடு நிறைவேற்றும் சிறப்புத் தீர்மானத்தைத் தடுக்கவேண்டுமானால் பதிவாகும் ஓட்டில் கால்வாசிக்கு மேல் வேண்டும். ஆனால் பங்கு 60 ரூபாய் என்று ஏறக்குறைய 358 கோடி கொடுத்து வாங்கினார்கள். 212-ஐ நினைத்துப் பாருங்கள், முதலீடாகச் சோடை போகவில்லை.

மந்தாரக்குப்பம் அண்ணன்: லாபத்துக்கா வாங்கினார்கள்? வெளியார் கையில் போகக்கூடாது என்றுதான்.

இங்கே உங்கள் பக்கம் ஒரு பாயிண்ட் இருக்கிறது, நானே எடுத்துத் தருகிறேன். 79.2 இருந்தபோது, மற்ற எல்லோரும் எதிர்த்து ஓட்டுப் போட்டாலும் மத்திய அரசால் தனியாகச் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்ற முடியும். 72.2-ல் முக்கால் பங்கைத் தொட வேறு யாராவது கை தூக்கவேண்டும், அல்லது எதிர்ப்பவர்களில் சிலர் ஓட்டுப் போடாமல் இருக்கவேண்டும். நடைமுறையில் பலர் ஓட்டே போடுவதில்லை, ஆகவே தீர்மானம் ஓடிவிடும். ஆனால் காகிதத்தில் அந்த 3.56-க்கு முன்பு இல்லாத மதிப்பு இன்று இருக்கிறது. சிறிய பங்குதாரரான நீங்கள், வருடாந்திரக் கூட்டத்துக்கு வரும் மின்னணு ஓட்டு அழைப்பைத் திறந்தாவது பார்க்கிறீர்களா?

அதே அண்ணன்: பார்த்ததில்லை.

பாருங்கள்.

சேத்தியாத்தோப்பு: நிலம் கொடுத்தவர்களுக்கு வேலை எப்போது?

என் துறை இல்லை ஐயா. இங்கே எழுதிப் பயனில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நில எடுப்புப் பிரிவுக்கு எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

விருத்தாசலம்: ஹிந்துஸ்தான் ஜிங்க் போல நெய்வேலியும் தனியாருக்குப் போகுமா?

ஜிங்கில் 2002-ல் நிர்வாகத்தோடு சேர்த்து 26 சதவீதத்தை ஒரே வாங்குபவருக்குக் கொடுத்தார்கள். இங்கே நடப்பது சந்தையில் பலருக்குச் சிதறி விற்பது. இரண்டும் வேறு.

நெய்வேலி, குறிஞ்சிப்பாடி, வில்லியனூர் உட்பட ஆறு பேர்: என்டிபிசி வாங்கப்போகிறதாமே?

மேலே வடலூருக்குச் சொன்ன பதில். அறிவிப்பு எங்கே?