கத்திரிச் செடி தழைக்கிறது, காய் ஏன் பிடிப்பதில்லை?

வேலூர்ப் பக்கம் மாடியில் இலவம்பாடி முள்ளுக் கத்திரி (2023-இல் புவிசார் குறியீடு பெற்றது) வைத்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வரும். பூவே வரவில்லை என்றால் பெரும்பாலும் தழைச்சத்து, அதாவது இலையையும் தண்டையும் வளர்க்கும் நைட்ரஜன், அதிகமாகியிருக்கும். யூரியா, கடலைப் புண்ணாக்குக் கரைசல் என்று ஊற்றிக்கொண்டே இருந்தால் செடி இலை விடுவதிலேயே குறியாக இருக்கும். பந்தியில் சாதம் வந்துகொண்டே இருந்தால் யார் எழுந்து கை கழுவுவார்கள்? கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள்.

பூ வந்து உதிர்ந்தால் அது வேறு கதை. நம்ம ஊர் மே மாத வெயில் 40 டிகிரியைத் தொடும்போது மகரந்தம் கெட்டுவிடும். மதியத்துக்கு நிழல்வலை கட்டுங்கள், உரம் உதவாது.

சிலர் “அது ஆண் செடி, பிடுங்கிப் போடு” என்பார்கள். கத்திரியில் ஆண் செடி, பெண் செடி என்று கிடையாது. ஒரே பூவில் இரண்டு உறுப்புகளும் இருக்கின்றன.