3 அடி மீன் தொட்டி: ஸ்டாண்டுக்குச் செலவு செய்வதா, ஃபில்டருக்கா?

கேள்வி: சென்னையில் முதல் மாடி, வாடகை வீடு. 3 அடி தொட்டி (3 × 1.5 × 1.5) வாங்கி கோல்டு ஃபிஷ் வளர்க்க ஆசை. தொட்டி வாங்கினால் ஸ்டாண்ட் இலவசம், ஆனால் ஃபில்டர் மட்டும் கேனிஸ்டர்தான் (தொட்டிக்கு வெளியே, கீழே நிற்கும் மூடிய டப்பா வகை) போட வேண்டும் என்கிறார் கடைக்காரர். அப்படியே வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். நான் செய்வது இதற்கு நேர் எதிர். காசை ஸ்டாண்டில் போடுவேன், சிக்கனத்தை ஃபில்டரில் பார்ப்பேன். ஃபில்டர் போதவில்லை என்றால் அடுத்த வாரமே இன்னொன்று வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்டாண்ட் சரியில்லை என்று தெரியவரும்போது அதன்மேல் தண்ணீர், மணல், மீன் எல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கும். மொத்தத்தையும் காலி செய்யாமல் அதில் கை வைக்க முடியாது.

முதலில் எடையைப் பார்ப்போம். 3 × 1.5 × 1.5 என்றால் 6.75 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக விளிம்பு வரை 191 லிட்டர். மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினாலும் 170 லிட்டர், அதாவது 170 கிலோ. 10 மில்லிமீட்டர் கண்ணாடியில் செய்த தொட்டியே 40 கிலோ பக்கம் வரும். அடியில் போடும் சரளைக்கு ஒரு 25 கிலோ. மூடி, விளக்கு, ஃபில்டர் எல்லாம் சேர்த்தால் 240 கிலோ ஆகிவிடும். நான்கு பெரியவர்கள் இரவு பகலாக இறங்காமல் நிற்பது மாதிரி. டிவி ஸ்டாண்ட், கம்ப்யூட்டர் மேசை எல்லாம் இதற்கு ஆகாது. பார்ட்டிகிள் போர்டில் செய்த அழகான கேபினெட்டும் வேண்டாம். வாரா வாரம் சிந்தும் தண்ணீரை உறிஞ்சி ஓரம் உப்பிப்போகும்.

இலவச ஸ்டாண்டில் என்ன பார்ப்பது? பெயிண்டைப் பார்க்காதீர்கள், மூலையைப் பாருங்கள். மேல் ஃபிரேம் கால்களின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறதா, இல்லை கால்களின் பக்கவாட்டில் ஒட்டவைத்துப் பற்றவைத்திருக்கிறார்களா? தலைமேல் உட்கார்ந்தால் எடை நேராகக் குழாய் வழியே தரைக்கு இறங்கும். பக்கவாட்டில் என்றால் 240 கிலோவும் அந்த நாலு வெல்டிங் பொட்டில் தொங்கும். அப்புறம் காலி ஸ்டாண்டின் மேல் முனையைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். நேர் கீழாக வரும் எடையை மெல்லிய குழாய்கூடத் தாங்கிவிடும். பக்கவாட்டில் குழந்தை இடித்தாலோ, பீரோவை நகர்த்தும்போது பட்டாலோதான் ஆபத்து. பின்பக்கம் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு கம்பி, அல்லது ஒரு முழு பிளைவுட் பலகை இருந்தால் இந்த ஆட்டம் நின்றுவிடும்.

கடை ஸ்டாண்ட் இதில் தேறவில்லை என்றால் பக்கத்து வெல்டிங் பட்டறைக்குப் போங்கள். ஒன்றரை அங்குல எம்.எஸ். (சாதாரண இரும்பு) சதுரக் குழாய், தடிமன் 16 கேஜ், நான்கு கால், நடுவில் ஒரு குறுக்குச் சட்டம். 3 அடிக்கு இது தாராளம். குழாய் முனைகளை மூடிப் பற்றவைக்கச் சொல்லுங்கள். திறந்த முனை வழியாக உள்ளே இறங்கும் தண்ணீர் வெளியே தெரியாமல் உள்ளிருந்தே துரு ஏற்றும். கடற்காற்று வீசும் ஊரில் கேட்கவே வேண்டாம். ரெட் ஆக்சைடு இரண்டு கோட், அதன்மேல் எனாமல். பவுடர் கோட்டிங் பார்க்க நன்றாக இருக்கும், தப்பில்லை. ஆனால் ஓரிடத்தில் உரிந்தால் வீட்டில் நாமே தொட்டுப் பூச எனாமல்தான் சுலபம்.

ஃபிரேமின் மேல் 18 மில்லிமீட்டர் பிளைவுட், தண்ணீர் தாங்கும் வகை (ஐ.எஸ். 710 முத்திரை இருக்கும்). அதன்மேல் தெர்மோகோல் அல்லது பழைய யோகா மேட். வெறும் கண்ணாடியாக நிற்கும் தொட்டிக்குத்தான் இந்த மெத்தை. அடியில் பிளாஸ்டிக் ஃபிரேம் வைத்து வரும் தொட்டியின் எடை ஓரங்களில்தான் இறங்கும். அதற்கு மெத்தை தேவையில்லை, வைக்காமல் இருப்பதே நல்லது.

ஸ்டாண்டை இடத்தில் வைத்ததும் ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் குறுக்கிலும் பாருங்கள். நம் ஊர் டைல்ஸ் தரை மட்டமாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். வித்தியாசம் இருந்தால் ஸ்டாண்டின் காலடியில் தகடோ ரப்பரோ கொடுத்துச் சரி செய்யுங்கள். தொட்டிக்கும் பலகைக்கும் நடுவில் அட்டை மடித்து வைப்பது மட்டும் கூடாது. கண்ணாடியின் ஒரு மூலை மட்டும் தூக்கி நின்றால் அங்கே விழும் அழுத்தத்தில் கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிக்கான் விட்டுப்போகும், இல்லையென்றால் அடிக்கண்ணாடி விரிசல் விடும். உடனே நடக்காது, மாதக்கணக்கில் கழித்து நடுராத்திரியில் நடக்கும்.

முதல் மாடி தாங்குமா? வீட்டு அறைத் தளங்களுக்கு சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமையைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875. அது அறை முழுக்கப் பரவிய கணக்கு. ஒழுங்காகக் கட்டிய கான்கிரீட் தளத்தில், பீம் ஓடும் சுவரை ஒட்டி, முடிந்தால் தூண் இருக்கும் மூலையில் வைத்தால் 3 அடித் தொட்டிக்குப் பொதுவாகக் கவலையில்லை. அறை நடுவிலும், வெளியே நீட்டிக் கட்டிய பால்கனியிலும் வேண்டாம். மரக்கட்டையும் செங்கல்லுமாகப் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் தளம் என்றால் ஒரு இன்ஜினியரிடம் காட்டிவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, ஃபில்டர். கேனிஸ்டர் நல்ல சாதனம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு அதுதான் வேண்டும் என்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. ஃபில்டர் தண்ணீரைக் கண்ணாடி போல ஆக்குவது இரண்டாவது வேலை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவுக்கு வீடு கொடுப்பதுதான் முதல் வேலை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனைக் கொல்லும். நைட்ரேட் அந்த அளவுக்கு மோசமில்லை. இந்த பாக்டீரியாவுக்கு வேண்டியது ஒட்டிக்கொள்ள இடமும் ஆக்ஸிஜனும். விலை உயர்ந்த டப்பாதான் வேண்டும் என்று அது கேட்காது. கொளத்தூர் பக்கம் வண்ண மீன் உற்பத்தி செய்பவர்களின் தொட்டிகளைப் பாருங்கள், பல இடங்களில் ஏர் பம்பின் காற்றில் ஓடும், ஸ்பாஞ்ச் வழியாகத் தண்ணீரை இழுக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் இருக்கும்.

கரண்ட் போவதையும் யோசியுங்கள். கேனிஸ்டர் மூடிய டப்பா. ஓட்டம் நின்றால் உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனை பாக்டீரியாவே தீர்த்துவிடும். சில மணி நேரம் நின்ற கேனிஸ்டரை அப்படியே ஓடவிட்டால் உள்ளே கெட்டுப்போன தண்ணீர் நேராக மீன்மேல் வரும். நம் வெயிலும் சும்மா இருப்பதில்லை. 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை ஆக்ஸிஜன் கரையும், 30 டிகிரியில் அது 7.5 ஆகிவிடும். மே மாதத்தில் கோல்டு ஃபிஷ் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவது பெரும்பாலும் பசியால் அல்ல.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது: தொட்டி மேலே உட்காரும் டாப் ஃபில்டர் ஒன்று, அதோடு பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று. டாப் ஃபில்டரில் தண்ணீர் மேலிருந்து விழுவதால் காற்றும் கலக்கும், தட்டைத் திறந்து கழுவுவதும் சுலபம். உள்ளே ஸ்பாஞ்சும் செராமிக் ரிங்கும் போதும், கார்பன் தினசரித் தேவை இல்லை. ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கான ஏர் பம்ப் சில வாட்தான் இழுக்கும், இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிடுங்கள். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், இல்லையென்றால் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் கரண்ட் போனதும் தொட்டித் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி பம்புக்குள்ளும் தரையிலும் இறங்கும்.

அளவு: மணிக்கு நான்கிலிருந்து ஆறு முறை தொட்டித் தண்ணீர் ஃபில்டர் வழியாகப் போனால் பொதுவாகப் போதும். உங்கள் 170 லிட்டருக்கு அது 700 முதல் 1000 லிட்டர். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் உள்ளே ஸ்பாஞ்ச், ரிங் எதுவும் இல்லாமல் எடுத்தது. ஸ்பாஞ்சில் அழுக்கு அடைந்த பிறகு அதைவிடக் குறைவாகத்தான் வரும். கோல்டு ஃபிஷ் தின்பதும் கழிப்பதும் அதிகம், எனவே 1200 என்று போட்டிருப்பதைப் பாருங்கள். ஃபைட்டரோ கப்பி குஞ்சுகளோ வளர்ப்பதாக இருந்தால் இதே ஓட்டம் அவற்றைப் படுத்திவிடும், ஸ்பாஞ்ச் மட்டுமே போதும் என்றிருப்பேன்.

ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்துப் பளிச்சென்று கழுவ வேண்டாம், மெட்ரோ வாட்டரில் இருக்கும் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றும்போது எடுத்த அந்தத் தண்ணீரிலேயே பிழிந்து போடுங்கள். புதிதாக ஊற்றும் தண்ணீருக்கு ஆன்டி குளோரின் (குளோரினை நீக்கும் மருந்து) விடுங்கள். பாக்டீரியா நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். ஏற்கெனவே தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அழுக்கு ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் போட்டால் சீக்கிரம் நடக்கும்.

ஸ்டாண்டை ஆர்டர் செய்யும் முன்பே ஃபில்டரை முடிவு செய்துவிடுங்கள். டாப் ஃபில்டருக்கு மேலே கை நுழைய இடம் வேண்டும், பின்னால் தொங்கும் வகை என்றால் சுவரிலிருந்து நாலு அங்குலம் விட வேண்டும். என்றைக்காவது கேனிஸ்டருக்கு மாறுவீர்கள் என்றால் அது தொட்டிக்குக் கீழே நிற்க ஸ்டாண்டுக்குள் உயரம் வேண்டும். ஒயர்கள் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவு கீழே தொங்கி மேலேறட்டும், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். அப்புறம், வீட்டு உரிமையாளரிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நிரப்பிய பிறகு அவர் வேண்டாம் என்றால் 170 லிட்டரையும் பக்கெட் பக்கெட்டாக இறக்கப்போவது நீங்கள்தான்.