பிரிட்ஜ் சீட்டாட்டக் கேள்வி பதில்: கூட்டாளியின் டபுளை எப்போது பாஸ் செய்யலாம்?

கேள்வி: இடப்புற எதிராளி 1 ஹார்ட் என்று ஏலத்தைத் தொடங்கினார். என் கூட்டாளி டேக்அவுட் டபுள் (வேறு ஜாதியைக் கேளுங்கள் என்று கூட்டாளியை அழைக்கும் டபுள்) சொன்னார், வலப்புறத்தவர் பாஸ். என் கையில் ஸ்பேட் 6, 3. ஹார்ட் ஏஸ், ஜாக், 8, 6, 3. டைமண்ட் ராஜா, 7, 4. கிளாவர் 9, 6, 2 இருந்தன. ஐந்து ஹார்ட் இருக்கின்றனவே என்று நானும் பாஸ் செய்தேன். எதிராளி ஏழு பிடிகளை எடுத்து 160 புள்ளிகள் பெற்றுவிட்டார். என் பாஸ் தவறா?

பதில்: தவறுதான். அந்தக் கையில் 1 நோ டிரம்ப் (துருப்பு ஜாதி இல்லாத ஆட்டம்) கேட்டிருக்க வேண்டும். உயர் சீட்டுகளின் மதிப்பில் எட்டுப் புள்ளிகளும், ஹார்ட்டில் எதிராளியைத் தடுத்துப் பிடி எடுக்கும் சீட்டும் இருக்கும்போது அதைவிடப் பொருத்தமான பதில் இல்லை.

1 ஹார்ட் ஒப்பந்தத்தைத் தோற்கடிக்க உங்கள் தரப்பு ஏழு பிடிகளை எடுத்தாக வேண்டும். ஹார்ட்டையே துருப்பாக (மற்ற ஜாதிகளை வெட்டும் ஜாதியாக) வைத்து நீங்கள் 1 ஹார்ட் ஆடி வெல்வதற்கும் அதே ஏழு பிடிகள்தாம் தேவை. ஆகவே இந்த நிலையில் பாஸ் செய்பவர், "இந்த ஜாதி எதிராளிக்குத் துருப்பாக இருப்பதைவிட எனக்கே துருப்பாக இருப்பது பொருந்தும்" என்று அறிவிக்கிறார். உங்கள் ஐந்து ஹார்ட்டுகள் அந்த அறிவிப்பைத் தாங்கக்கூடியவை அல்ல. ஏலத்தைத் தொடங்கியவர் உங்களுக்கு இடப்புறம் இருப்பதால், ஒவ்வொரு முறையும் நீங்கள் சீட்டைப் போட்ட பிறகே அவர் போடுகிறார். அவரிடம் ராஜா, ராணி, 10, 9 இருந்தால் உங்கள் ஜாக் எங்கே போடப்படுகிறது என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற சீட்டை எடுத்துப் போடுவார். ஆட்டத்தின் பிற்பகுதியில் உங்களையே பிடி எடுக்க வைத்து, வேறு வழியின்றித் துருப்பை அவர் கைக்குள் நீங்களே இறக்கும்படியும் செய்துவிடுவார்.

இதற்கு மாறாக ராணி, ஜாக், 10, 9, 7 என்று அடுத்தடுத்த சீட்டுகளாக உங்கள் ஹார்ட் அமைந்திருந்தால், எதிராளியிடம் ஏஸும் ராஜாவும் சேர்ந்தே இருந்தாலும் அவை இரண்டு பிடிகளை மட்டுமே பெறும். மீதி மூன்றும் உங்களுடையவை, அவர் பின்னால் உட்கார்ந்திருப்பதால் அவருக்கு எந்த லாபமும் இல்லை. ஏஸ் ஜாக்கைவிட இந்தக் கை புள்ளிக் கணக்கில் குறைந்தது. பாஸ் செய்வதற்கோ பல மடங்கு உயர்ந்தது. ஒன்றாம் மட்டத்தில் சீட்டுகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் தொடர்ச்சியைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

புள்ளிகளே இல்லாத கையில், "கேட்க ஒன்றுமில்லை" என்று பயந்து பாஸ் செய்வது இதைவிடப் பெரிய தவறு. மூன்று சிறிய ஸ்பேட்டும் நான்கு சிறிய ஹார்ட்டும் மட்டுமே இருந்தாலும் 1 ஸ்பேட் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: நான் சரியான கையோடு பாஸ் செய்தால், டபுள் சொன்ன கூட்டாளி எதை முதலில் இறக்க வேண்டும்?

பதில்: துருப்பை, அவரிடம் ஒரே ஒரு ஹார்ட் இருந்தாலும் அதைத்தான். துருப்பை வெளியே இழுத்துவிடும் வலிமை உங்களிடம் இருப்பதாக உங்கள் பாஸ் அவருக்குச் சொல்லிவிட்டது. எதிராளிகள் தங்கள் சிறிய துருப்புகளால் வெட்டிப் பிடி எடுப்பதைத் தடுத்துவிட்டால், பிற ஜாதிகளில் கூட்டாளி வைத்திருக்கும் ஏஸும் ராஜாவும் தத்தம் பிடிகளைத் தாமே பெற்றுக்கொள்ளும். துருப்பை இறக்கத் தயங்கும் கூட்டாளியோடு ஆடுகிறீர்கள் என்றால், பாஸ் செய்வதற்கு முன் இன்னொரு முறை யோசியுங்கள்.

கேள்வி: கூட்டாளி 1 ஸ்பேட் தொடங்கினார், வலப்புற எதிராளி 2 ஹார்ட் கேட்டார். என்னிடம் ஸ்பேட் 5. ஹார்ட் ராஜா, ஜாக், 9, 4. டைமண்ட் ஏஸ், 8, 5. கிளாவர் ஜாக், 7, 6, 3, 2. நான் பாஸ், இடப்புறத்தவரும் பாஸ், கூட்டாளி டபுள் சொன்னார். நான்கு துருப்புகளோடு பாஸ் செய்யலாமா?

பதில்: தயங்காமல் செய்யலாம். இங்கே துருப்பைக் கேட்டவர் உங்களுக்கு முன்னால் சீட்டுப் போடுகிறார். முதல் கேள்வியில் உங்களுக்கு எதிராக இருந்த இருக்கை இப்போது உங்கள் பக்கம் வந்துவிட்டது. ராஜா, ஜாக், 9 ஆகியவை அவருடைய துருப்புகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. 2 ஹார்ட்டைத் தோற்கடிக்கத் தேவையான பிடிகளும் ஆறுதான். கூட்டாளியின் ஸ்பேட்டோடு உங்கள் கை ஒத்துப்போகாததும் பாஸ் செய்வதற்குக் கூடுதல் காரணம். 1957-இல் ஆல்வின் ராத் பரப்பிய நெகட்டிவ் டபுள் முறையை ஆடுபவர்கள், இப்படிப்பட்ட கையோடு உடனே டபுள் சொல்ல முடியாது. கேட்கப்படாத மற்ற ஜாதிகள் இருப்பதாக அதற்குப் பொருளாகிவிடும். எனவே காத்திருந்து, கூட்டாளியின் டபுளைப் பாஸ் செய்து, எதிராளியை அதே ஒப்பந்தத்தில் தோற்கடிக்கும் தண்டனையாக மாற்றுவதே வழி.

ஆனால் கணக்கை மறக்க வேண்டாம். 2 ஹார்ட் டபுளில் எதிராளி வென்றுவிட்டால் அது கேம், அதாவது பெரிய போனஸ் தரும் வெற்றி. வல்னரபிள் (போனஸும் அபராதமும் கூடும் நிலை) இல்லையென்றால் 470, வல்னரபிள் என்றால் 670. மறுபுறம், எதிராளி வல்னரபிளாக இருந்து ஒரே ஒரு பிடி குறைந்தாலும் உங்களுக்கு 200. உங்கள் தரப்பு 110 அல்லது 140 மட்டுமே எடுக்கக்கூடிய சீட்டுகளில் அது மிக நல்ல பலன். உங்களிடம் கேம் நிச்சயம் என்றால் நிலைமை வேறு: நீங்கள் வல்னரபிளாகவும் எதிராளி அவ்வாறு இல்லாமலும் இருந்தால், 3 நோ டிரம்ப் தரும் 600-ஐத் தாண்ட அவரை நான்கு பிடிகள் குறைத்து 800 பெற வேண்டியிருக்கும்.

கேள்வி: முதல் கேள்வியின் ஏலத்தில் வலப்புறத்தவர் ரீடபுள் (டபுளை மேலும் இரட்டிப்பாக்கும் அழைப்பு) சொல்லியிருந்தால், என் பாஸ் தண்டனைக்கானதா?

பதில்: இல்லை. எனக்குச் சொந்தமாக நல்ல ஜாதி எதுவும் இல்லை, கூட்டாளியே தப்பிக்கும் வழியைத் தேடட்டும் என்பதே பெரும்பாலான ஜோடிகளிடம் அதன் பொருள். ஆடத் தொடங்கும் முன் கூட்டாளியிடம் இதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.