மூளையில சார்கோமா எண்டு ரிப்போர்ட் வந்தா, மெழுகுக் கட்டி எங்க எண்டு கேளுங்கோ

கோப்பாயில இருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறா. 6 வயது மகன், ரெண்டு கிழமையா தலையிடி, காலமை எழும்பின உடன சத்தி, பேந்து ஒருநாள் வகுப்பிலயே வலிப்பு வந்து விழுந்திட்டான். ஸ்கானில மூளைக்குள்ள ரத்தக்கசிவு, ஒப்பரேசன் செய்து பாத்தா உள்ளுக்க கட்டி, ரிப்போர்ட்டில மூளையிலயே தொடங்கின சார்கோமா எண்டு போட்டிருக்கு. "சொந்தக்காரர் எல்லாம் இது தப்பாது, பிள்ளையை வதைக்காதேங்கோ எண்டினம், மாமி இந்தியாவுக்குக் கொண்டு போகச் சொல்லுறா, நான் என்ன செய்ய டொக்டர், மூத்த மகளுக்கும் வருமோ?"

தங்கச்சி, தப்பாது எண்டு சொல்லுற ஆக்களின்ர கதையை இப்பவே விடுங்கோ. சார்கோமா எண்டது தசை, எலும்பு மாதிரி இடங்களில வாற கான்சர், மூளைக்குள்ள தொடங்கிறது மிச்சம் அரிது, மூளைக்கட்டி 100 வந்தா அதில ஒண்டு கூட இராது. அந்தக் காலத்தில மைக்ரோஸ்கோப்பில பாத்து, வேற வேற கட்டியளையும் இந்த ஒரே பேருக்குள்ள போட்டு வைச்சவை, அதால நெட்டில கிடைக்கிற பழைய கணக்கை உங்கட மகனுக்குப் பொருத்திப் பாக்கேலாது. 2021இல உலக சுகாதார நிறுவனம் மூளைக்கட்டியளைப் புதுசா வகைப்படுத்தேக்க, டைசர்1 எண்ட மரபணுவில பழுது உள்ள சார்கோமாவைத் தனி நோயாப் பிரிச்சது, சிஐசி மரபணு மாறின வகை இன்னொண்டு. டைசர்1 வகை கூடுதலா சின்னப் பிள்ளையளுக்குத்தான், பெருமூளைப் பக்கம் வாறது, ரத்தக்கசிவோடதான் கனபேருக்குப் பிடிபடுறது. உங்கட மகன்ர கதையும் அப்பிடித்தான் இருக்கு, ஆனா ரெஸ்ட் செய்யாமல் அதெண்டு அடிச்சுச் சொல்ல மாட்டன்.

பெரு நாட்டில இந்த நோய் வழமைக்கு மாறாக் கனக்கக் காணப்படுது, அதின்ர தலைநகர் லீமாவில பாத்த பிள்ளையளில பாதிக்கு மேல 2 வருசம் தாண்டியும் உயிரோட இருந்தவை. அதிலயும் ஒப்பரேசனுக்குப் பிறகு கீமோவும் ரேடியேஷனும் ரெண்டும் எடுத்த பிள்ளையள் நல்லா நிண்டவை. இது லேசான நோயெண்டு சொல்லேல்ல, திரும்ப வாற நோய்தான், அனேகமா அதே இடத்தில. அதாலதான் எவ்வளவு கட்டி எடுபட்டது எண்டது முக்கியம். ஒப்பரேசன் முடிஞ்சு 2, 3 நாளுக்குள்ள எம்ஆர்ஐ எடுத்தவையோ எண்டு கேளுங்கோ. மிச்சம் இருந்தா, இன்னொருக்காத் திறந்து எடுக்கேலுமோ எண்டு சத்திரசிகிச்சை டொக்டரிட்ட நேராக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு.

இப்ப இந்தியாக் கதை. பிள்ளையைக் கொண்டு போக முதல் மெழுகுக் கட்டியை அனுப்புங்கோ. எடுத்த கட்டியின்ர துண்டை மெழுகுக்குள்ள பதிச்சு, ஒரு சின்னப் பிளாஸ்டிக் கூட்டில நம்பர் எழுதி ஆஸ்பத்திரி லாப்பில வைச்சிருப்பினம், தபால் முத்திரையளவுதான், நடுவில சுண்டுவிரல் நகம்போல மங்கலா ஒரு துண்டு தெரியும். உங்கட பிள்ளையின்ர நோய் அதுக்குள்ளதான் இருக்கு, வருசக்கணக்கா வைச்சாலும் பழுதாகாது. மரபணு ரெஸ்ட் அதிலதான் செய்யிறது. எழுத்தில கேட்டு வாங்கி, வெயில் படாமல் அனுப்புங்கோ, முழுசையும் குடுக்காமல் லாப்பில ஒண்டு மிச்சம் விடச் சொல்லுங்கோ. ரெஸ்ட் முடிவு வரட்டும் எண்டு மட்டும் மருந்தைப் பின்போட விடாதேங்கோ.

மருந்து மகரகம அபேக்ஷா கான்சர் ஆஸ்பத்திரியிலயே இலவசமாத் தொடங்கலாம். ஐபோஸ்பமைட், கார்போபிளாட்டின், எட்டோபோசைட் மூண்டும் சேந்த கீமோதான் இதுக்குக் கனக்கப் பாவிக்கிறது. ஐபோஸ்பமைட் ஏத்தேக்க மூத்திரப்பையைக் காக்க மெஸ்னா எண்ட மருந்தும் குடுப்பினம், மூத்திரம் சிவந்தா, பிள்ளை ஒரு மாதிரிக் குழம்பிக் கதைச்சா உடன நேர்ஸிட்ட சொல்லுங்கோ. சனம் கரண்ட் எண்டு சொல்லுற ரேடியேஷன் கிழமைக்கு 5 நாள், கிட்டத்தட்ட 6 கிழமை. 3 வயசுக்குக் கீழ எண்டா மூளை வளருற காலம் எண்டு தள்ளிப்போடப் பாப்பம், 6 வயசுக்கு அனேகமாக் குடுக்கலாம், ஆனா பேந்து வளர்த்தி, படிப்பு, காது எல்லாம் வருசக்கணக்காப் பாக்கவேணும்.

எனக்கு உண்மையாப் பயம் காய்ச்சலுக்குத்தான். கீமோ ஏத்தி வீட்டை வந்தபிறகு, 10 தொடக்கம் 14 நாளளவில, கிருமியை எதிர்க்கிற வெள்ளணு ரத்தத்தில நல்லாக் குறையும். அப்ப 38 டிகிரி காய்ச்சல் எண்டா விடியட்டும் எண்டு இருக்கக்கூடாது, மகரகமவுக்கு இரவு பஸ் பிடிக்கவும் கூடாது, கிளினிக் கொப்பியோட நேர யாழ் போதனா வைத்தியசாலைக்கு ஓடுங்கோ, பிள்ளை கீமோவில எண்டதை வாசலிலயே சொல்லுங்கோ. பனடோலைக் குடுத்து பாத்துக்கொண்டிருந்து, நேரம் போய் வந்த பிள்ளையளைக் கண்டிருக்கிறன், அது இண்டைக்கும் மனசை விட்டுப் போகேல்ல. நல்லூர்த் திருவிழாச் சனத்துக்குள்ளயும் அந்த நாளில கொண்டு போகாதேங்கோ, நேத்தியைப் பிறகு தீர்க்கலாம்.

மூத்தவளைப் பற்றிக் கேட்டியள். டைசர்1 எண்டு முடிவு வந்தா மகன்ர ரத்தத்திலயும் அதே பழுது இருக்கோ எண்டு பாக்கவேணும், கட்டியில மட்டும் எண்டா அவளுக்குப் பயம் இல்லை. ரத்தத்திலயும் இருந்தா தாய் தேப்பன், அக்கா எல்லாரும் ரெஸ்ட் செய்யவேணும், ஏனெண்டா இது நுரையீரல், சிறுநீரகம், தைரோயிட், பொம்பிளைப் பிள்ளையளுக்கு சூலகத்திலயும் கட்டி கொண்டு வரக்கூடியது. மகனுக்கு நெஞ்சு சிடி எடுத்தாச்சோ? இல்லையெண்டா வாற கிளினிக்கிலயே கேளுங்கோ. கட்டி நுரையீரலில இருந்து மூளைக்கு வந்ததோ எண்டதுக்கும் நுரையீரல் எப்பிடி எண்டதுக்கும் அந்தப் படத்தில மறுமொழி தேடலாம்.