அளவுகோல் தொடும் இடம்தான் விதி: ஃபார்முலா 1 கேள்வி பதில்

கார் வடிவமைப்பு, ரேஸுக்குப் பின் நடக்கும் சோதனை, தடை, தகுதிநீக்கம் பற்றி மட்டும் கேளுங்கள். எந்த டிரைவர் பெரிய ஆள் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. டிவியில் வந்த ஸ்லோமோஷனைக் காட்டி "இது மோசடிதானே?" என்றும் ஆரம்பிக்காதீர்கள். சொன்னாலும் ஆரம்பிப்பீர்கள், தெரியும்.

மஞ்சள்கொடி: 1978இல் வந்த ஃபேன் காரை ஒரே ரேஸில் தடை செய்துவிட்டார்களாமே? எந்த விதியை மீறியது?

அந்தக் காரை வாபஸ் வாங்கியதே அதன் சொந்தக்காரர்தான். ஃபேன் கார், அதாவது பிராபம் டீமின் பிடி46பி, ஓடிய ஒரே பந்தயம் ஸ்வீடனின் ஆண்டர்ஸ்டார்ப். அதில் நிக்கி லாவுடா 34 விநாடிக்கு மேல் முன்னணியில் ஜெயித்தார். அந்த வெற்றி இன்றுவரை ஏட்டில் அப்படியே இருக்கிறது.

பின்னணி இதுதான். போட்டி டீமின் லோட்டஸ் 79 காரின் அடிப்பகுதிச் சுரங்கங்கள் காற்றை வேகமாக இழுத்து, காரைத் தரையோடு ஒட்டவைத்தன. பிராபமிடம் இருந்ததோ அகலமான ஆல்ஃபா ரோமியோ 12 சிலிண்டர் எஞ்சின். சுரங்கம் வர வேண்டிய இடத்தில் அது படுத்துக் கிடந்தது. அதனால் பிராபமின் வடிவமைப்பாளர் கார்டன் மர்ரே வேறு வழி பிடித்தார். ரேடியேட்டரை எஞ்சினுக்கு மேல் கிடத்தினார், எஞ்சின் அறையைச் சுற்றிலும் தரை தொடும் தடுப்பு வைத்தார், பின்பக்கம் பெரிய விசிறி ஒன்றைப் பொருத்தினார். விசிறி ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்கும். கூடவே காரின் அடியிலிருந்தும் உறிஞ்சும்.

நகரும் ஏரோடைனமிக் கருவி கூடாது என்று விதி இருந்தது. விசிறியின் முதன்மை வேலை குளிர்விப்பது என்று மர்ரே வாதிட்டார். குளிர்வித்ததும் உண்மைதான். ஆனால் நிற்கும் காரில் ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்தால் கார் அப்படியே சஸ்பென்ஷனில் கீழே உட்காரும். பக்கத்து டீம்காரர்கள் பார்த்துக்கொண்டுதானே இருப்பார்கள்! பேடக்கில் (டீம்கள் கார் நிறுத்தும் வளாகத்தில்) நிறுத்தியிருக்கும்போது விசிறியைக் குப்பைத்தொட்டி மூடியால் மறைத்துவைத்தார்கள். அந்தப் புகைப்படம் இன்றும் சுற்றுகிறது.

பெர்னி எக்கிள்ஸ்டன் பிராபமின் முதலாளி மட்டுமல்ல, டீம்களின் கூட்டமைப்புக்கும் தலைவர். மற்ற டீம்கள் கொதித்ததும் கூட்டமைப்பு உடைந்துவிடக் கூடாதென்று காரை விட்டுக்கொடுத்தார். விசிறிக்கு முறையான தடை அதன் பிறகுதான் வந்தது. என் கணக்கில் அதை ஓரங்கட்டியது விதியைவிட அரசியல்தான்.

கடைசிச்சுற்று: ஹாமில்டனா, ஷூமேக்கரா?

முதல் பத்தியைப் படியுங்கள்.

நேர்க்கோடு: 2009 டபுள் டிஃப்யூசர் செல்லும், 2006 மாஸ் டாம்பர் செல்லாது. இரண்டுமே புத்திசாலித்தனம்தானே, ஏன் இந்தப் பாரபட்சம்?

நல்ல கேள்வி. இரண்டு தீர்ப்பையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான், ஃபார்முலா 1 விதிகளை வகுக்கும் அமைப்பான எஃப்ஐஏ விதியை எப்படி வாசிக்கிறது என்பது புரியும்.

2009 விதி டிஃப்யூசரின், அதாவது காரின் அடியில் ஓடும் காற்றைப் பின்பக்கம் வெளியேற்றும் பகுதியின், உயரத்தை 175 மி.மீ. என்று கட்டியது. காரின் அடிப்பரப்பு தொடர்ச்சியாக இருக்க வேண்டும், கீழிருந்து பார்த்தால் ஓட்டை தெரியக் கூடாது என்றது. ஆனால் அடிப்பரப்பில் இரண்டு மட்டம் உண்டு, நடுவில் தாழ்ந்தது, இருபுறமும் சற்று உயர்ந்தது. இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக ஒரு இடைவெளி விட்டால், நேர் கீழிருந்து பார்க்கும் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. பிரான், டொயோட்டா, வில்லியம்ஸ் மூன்று டீம்களும் அந்த இடைவெளி வழியாக மேலே இரண்டாவது அடுக்குக்குக் காற்றை ஏற்றின. மற்ற டீம்களின் எதிர்ப்பு முதல் ரேஸான மெல்போர்னிலேயே தள்ளுபடியானது. 2009 ஏப்ரல் 15 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் செல்லும் என்றது. பிரான் டிரைவர் ஜென்சன் பட்டன் முதல் 7 ரேஸில் 6 ஜெயித்தார். மற்றவர்கள் அதைக் காப்பியடித்து முடிப்பதற்குள் அந்த ஆண்டின் கதை பாதி முடிந்துவிட்டது.

மாஸ் டாம்பர் வேறு ரகம். ரெனோ காரின் மூக்குக்குள் ஸ்பிரிங்கில் தொங்கும் ஒரு எடை. கெர்ப் (பாதையோரத் திண்டு) மீது ஏறி இறங்கும்போது கார் துள்ளுவதை அது அமுக்கும். ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் ரேஸில் ஸ்டூவர்டுகள் (ரேஸ் நடுவர்கள்) சரி என்றார்கள். எஃப்ஐஏ தன் ஸ்டூவர்டுகளின் முடிவை எதிர்த்து தானே மேல்முறையீடு செய்து ஜெயித்தது. காரணம்? நகரும் ஏரோடைனமிக் கருவியாம்! அந்த எடையின் மேல் காற்று படவே படாது. முன்மூக்கு நிலையாக நின்றால் விங் நன்றாக வேலை செய்யும், ஆகவே அது ஏரோடைனமிக்ஸைப் பாதிக்கிறது என்பது வாதம். அப்படிப் பார்த்தால் சாதாரண சஸ்பென்ஷனும் ஏரோடைனமிக் கருவிதான். டிஃப்யூசர் தீர்ப்பு எழுத்தைப் பிடித்துக்கொண்டது, டாம்பர் தீர்ப்பு விளைவைப் பிடித்துக்கொண்டது. எனக்கு முதலாவதுதான் சம்மதம்.

பிட்சுவர்: வீடியோவில் முன்விங் அப்பட்டமாக வளைகிறது. இது மோசடி இல்லையா?

ஆரம்பித்துவிட்டீர்கள். உலகத்தில் வளையாத பொருள் கிடையாது. விங் அசையக் கூடாது என்று விதி சொன்னாலும் நடைமுறையில் அதன் பொருளைத் தீர்மானிப்பது சோதனைதான்: இந்த இடத்தில் இவ்வளவு எடை வைத்தால் இவ்வளவு மி.மீ. வரை வளையலாம். 2025 ஸ்பானிஷ் கிராண்ட் பிரீயிலிருந்து, இருபுறமும் எடை வைத்தால் அனுமதித்த வளைவு 15 மி.மீ.யிலிருந்து 10 மி.மீ. ஆனது. மெக்லாரன் இனி அவ்வளவுதான் என்றார்கள். அந்த ரேஸ் நடந்த பார்சிலோனாவிலேயே மெக்லாரனின் பியாஸ்ட்ரி ஜெயித்தார். கார்பன் ஃபைபர் அடுக்குகளை எந்தத் திசையில் படியவைப்பது என்பதை வைத்து, சோதனை எடைக்கு விறைப்பாகவும் ஓட்டத்தில் இளக்கமாகவும் விங் செய்ய முடியும். வீடியோவை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

ஈரத்தடம்: 2024 அஜர்பைஜானின் பாகு ரேஸில் மெக்லாரன் பின்விங் திறந்ததே, அதுவும் வீடியோதானா?

அந்த விங் சோதனையில் தேறியது. பிறகு எஃப்ஐஏ பேச்சு நடத்தியதில் மெக்லாரன் மாற்றிக்கொண்டது. மேலே சொன்னதே இங்கும்.

மூன்றாம்கியர்: 2023 ஆஸ்டினில் நாலே நாலு காரின் அடிப்பலகையைப் பார்த்தார்கள். இரண்டு தகுதிநீக்கம். மீதிக் காரையெல்லாம் ஏன் விட்டார்கள்?

காரின் அடியில் பொருத்தும் இந்தப் பலகையை 1994இல் கொண்டுவந்தார்கள். 10 மி.மீ. தடிமன், தேய்ந்து 9 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. காரைத் தாழ்த்தி ஓட்டினால் வேகம் கிடைக்கும், பலகை தேயும். ஆஸ்டினில் மேடுபள்ளம் அதிகம். அது ஸ்பிரின்ட் வாரம் (கூடுதலாக ஒரு குட்டி ரேஸ் உள்ள வாரம்) வேறு, அன்றைய விதிப்படி ஒரே ஒரு பயிற்சி ஓட்டத்துக்குப் பிறகு செட்டப்பை மாற்ற முடியாது. இரண்டாவதாக வந்த ஹாமில்டனும் ஆறாவதாக வந்த லெக்ளேரும் மாட்டினார்கள். வெர்ஸ்டாப்பன், நோரிஸ் கார்கள் தேறின. எல்லாக் காரின் அடியையும் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தால் அன்று முடிவே அறிவிக்க முடியாது. யாரைப் பிடிப்பார்கள் என்று தெரியாமல் இருப்பதுதான் பயம். அந்தப் பயம் போதும்.

மூன்றாம்கியர்: பார்த்ததில் பாதி தோற்றது! லெக்ளேரின் டீம்மேட் சைன்ஸ் காரைப் பார்க்கவே இல்லை, ஆனால் அவருக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. இது என்ன நியாயம்?

சைன்ஸ் கார் தேய்ந்திருந்தது என்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது? ஒரே டீமின் இரண்டு கார்களுக்கும் ஒரே உயரம் வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஓட்டும் பாணி, கெர்ப் மீது ஏறும் விதம் எல்லாமே பலகையில் தெரியும்.

நேர்க்கோடு: நடுவில் வருகிறேன். தேய்ந்திருந்தது என்று அவர் சொல்லவில்லையே, பார்க்கவில்லை என்றுதானே சொல்கிறார்.

சரி, அப்படியே பேசுவோம். ஒரு கார் தோற்றால் டீம்மேட் காரையும் பார்க்க வேண்டும் என்று விதி எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் அது அடுத்த ரேஸுக்குப் போட வேண்டிய விதி. முடிவு வந்தபின் பார்க்கும் எண்ணிக்கையைக் கூட்டினால், எப்போது நிறுத்துவது என்பதும் யாரோ ஒருவரின் விருப்பம் ஆகிவிடும்.

மூன்றாம்கியர்: அதாவது, மாட்டியவன் துரதிர்ஷ்டசாலி.

மாட்டியவன் கார் 9 மி.மீ.க்குக் கீழே. 2025 லாஸ் வேகஸைப் பாருங்கள். நோரிஸ் காரில் ஓரிடத்தில் 8.88 மி.மீ. இருந்தது. வேண்டுமென்று செய்யவில்லை, கார் எதிர்பாராமல் துள்ளியது என்று ஸ்டூவர்டுகளே ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் இரண்டாமிடம் போயிற்று, நாலாவதாக வந்த பியாஸ்ட்ரியும் போனார். எண்ணத்தைப் பார்க்க ஆரம்பித்தால் ஒவ்வொரு டீமும் வக்கீலோடுதான் வரும். இதற்கு மேல் இந்தச் சண்டை வேண்டாம், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

நிழல்மூலை: அப்படியானால் 1999 மலேசியாவின் செபாங்கில் ஃபெராரியை ஏன் விட்டார்கள்?

விதியைத் தளர்த்தவில்லை, அளந்த விதத்தைத் திருத்தினார்கள். பார்ஜ்போர்டு (காரின் பக்கவாட்டில் காற்றைத் திருப்பும் தகடு) 10 மி.மீ. பிசகு என்று முதலிரண்டு இடம் பிடித்த இர்வைன், ஷூமேக்கர் இருவரையும் நீக்கினார்கள். சரியான நிலையில் வைத்து அளந்தால் 5 மி.மீ. சலுகைக்குள் வருகிறது என்று மேல்முறையீட்டில் சொல்லி ஃபெராரி ஜெயித்தது. சாம்பியன் பட்டமே அதில் தொங்கிக்கொண்டிருந்ததால் பலருக்கு இன்றும் ஜீரணமாகவில்லை.

பிட்லேன்: 2021 ரெட் புல் செலவு உச்சவரம்பு விவகாரம்?

உச்சவரம்பைத் தாண்டியதற்கு 70 லட்சம் டாலர் அபராதம், ஏரோ சோதனை நேரத்தில் 10 சதவீதம் வெட்டு. கணக்குப் புத்தகம் என் துறையல்ல, ஆடிட்டர் யாரையாவது கேளுங்கள்.

சிவப்புவிளக்கு: ஃபெராரி 2019 எஞ்சினில் என்னதான் இருந்தது?

அந்த எஞ்சின் விதியை மீறியதா என்ற சந்தேகம் எழுந்தது; 2020 பிப்ரவரியில் எஃப்ஐஏ ஃபெராரியோடு ரகசிய உடன்பாடு போட்டு விவகாரத்தை மூடிவிட்டது. ஏழு டீம்கள் கூட்டாக எதிர்ப்புத் தெரிவித்தும் விவரம் வெளியே வரவில்லை. தண்டனை கடுமையாக இருந்தாலும் பரவாயில்லை, ஊரறிய இருக்க வேண்டும். மூடிய கதவுக்குள் முடித்தால் வதந்திதான் மிஞ்சும்.

ஓரப்புல்: சோதனையில் தெரியாததை யாராவது வெளியிலிருந்து கண்டுபிடித்ததுண்டா?

இதற்காகவே உட்கார்ந்திருந்தேன். 1997இல் டேரன் ஹீத் என்ற புகைப்படக்காரர், மெக்லாரன் கார்களின் பின்பிரேக் டிஸ்க் விசித்திரமான இடத்தில் சிவந்து ஒளிர்வதைக் கவனித்தார். வளைவிலிருந்து வெளியேறி வேகமெடுக்க வேண்டிய இடத்தில் எவன் பிரேக் பிடிப்பான்? நூர்பர்க்ரிங்கில் முதலிரண்டு இடத்தில் ஓடிய இரண்டு மெக்லாரனும் அடுத்தடுத்துப் பழுதாகி நின்றன. ஹீத் காக்பிட்டுக்குள் கேமராவை நீட்டிக் கால்வைக்கும் இடத்தைப் படமெடுத்தார். அதில் ஒரு பெடல் அதிகம்!

ஒரு பக்கத்துப் பின்சக்கரத்தை மட்டும் பிடிக்கும் பிரேக் அது. உள்பக்கச் சக்கரம் இழுத்துப் பிடித்தால் கார் தானாக உள்ளே திரும்பும். எஃப்ஐஏ முதலில் இதைச் சரி என்றே சொல்லியிருந்தது. 1998 பிரேசிலில் ஃபெராரி எதிர்ப்புத் தெரிவித்தபின், இது ஸ்டீரிங் வேலை செய்கிறது என்று தடை வந்தது. தடைக்குப் பிறகும் அந்த ரேஸில் மெக்லாரனின் ஹாக்கினென் ஜெயித்தார், அவர் டீம்மேட் கூல்தார்ட் இரண்டாவது.

பிட்சுவர்: சரி, ஆனால் இந்த வருஷ விங் வீடியோ ஒன்று அனுப்பட்டுமா?

வேண்டாம்.

குறுக்குவழி: ரேஸ் முடிந்ததும் டிரைவர்கள் ஏன் ஓரமாக அழுக்கில் ஓட்டுகிறார்கள்?

எடைக்காக. பாதையோரம் சிதறிக்கிடக்கும் ரப்பர் துணுக்குகள் சூடான டயரில் ஒட்டிக்கொள்ளும், குறைந்தபட்ச எடையை எட்ட அது உதவும். 2024 பெல்ஜியத்தின் ஸ்பாவில் ரஸ்ஸல் ஒரே பிட் ஸ்டாப்போடு ஓடி முதலில் வந்தார். டயர் வெகுவாகத் தேய்ந்திருந்தது. ஸ்பாவில் ரேஸ் முடிந்தபின் முழுச் சுற்று கிடையாது, முதல் வளைவோடு பிட் லேனுக்குத் திரும்பிவிடுவார்கள், ரப்பர் பொறுக்க வழியில்லை. எரிபொருளை வடித்துவிட்டு எடை போட்டால் 796.5 கிலோ. தேவை 798. வெற்றி ஹாமில்டனுக்குப் போயிற்று.