பிலிமைச் சுரண்டும் மகளுக்கு வேலை கிடைக்குமா?

கேள்வி: மகள் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பழைய 35 எம்எம் சுருள்களை வாங்கிவந்து ஊசியால் கீறுகிறாள், பிளீச்சில் ஊறவைக்கிறாள், பூந்தொட்டியில் புதைக்கிறாள். வெளிநாட்டில் போய் இதையே படிக்கணுமாம். கல்விக் கடன் வாங்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கடன் வேண்டாம். அதற்காகச் சுருளைப் பிடுங்கி எடைக்குப் போட்டுவிடவும் வேண்டாம்.

இது கிறுக்குத்தனம் இல்லை. நியூசிலாந்தில் பிறந்த லென் லை, 1935-இல் பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் திரைப்படப் பிரிவுக்காகக் கேமராவே இல்லாமல், பிலிம் மேலேயே வண்ணம் தீட்டிப் படம் செய்தார். கனடாவில் நார்மன் மெக்லாரன் கறுப்புப் பிலிமில் கீறிச் செய்த குறும்படம் 1955-இல் கான் விழாவில் பரிசு வாங்கியது. அமெரிக்கர் ஸ்டான் பிராக்கேஜ் 1963-இல் விட்டில் சிறகுகளையும் இலைகளையும் இரண்டு ஒட்டு நாடாக்களுக்கு நடுவே வைத்துப் படமாக்கினார். ஜப்பானியரான தோமோனாரி நிஷிகாவா 2014 ஜூனில், ஃபுகுஷிமா அணு உலைக்குச் சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி 100 அடி நெகட்டிவை உதிர்ந்த இலைகளுக்கு அடியில் ஓர் இரவு புதைத்துவைத்தே படம் செய்தார்.

பெற்றோர் கேட்க வேண்டியது, இவர்களுக்குச் சோறு எங்கிருந்து வந்தது என்பதுதான். மெக்லாரனுக்குத் தேசியத் திரைப்பட வாரியத்தில் சம்பளம் இருந்தது. பிராக்கேஜ் கல்லூரிகளில் பாடம் நடத்தினார். இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை: படம் விழாவுக்குப் போகும், மாதச் சம்பளம் வகுப்பறையிலிருந்தோ திரைப்படக் காப்பகத்திலிருந்தோ ஸ்கேனிங் கூடத்திலிருந்தோ வரும். ஆகவே மகள் இந்தக் கலையை விட வேண்டியதில்லை, இதை ஒட்டியே சம்பளம் தரும் ஒரு கைத்தொழிலை, அதாவது பழைய பிலிமைப் பாதுகாக்கும் வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தத் தொழிலுக்கான பாதி அறிவு ஏற்கெனவே அவர் மேசையில் கிடக்கிறது.

முதலில் வீட்டுப் பாதுகாப்பு. பிளீச்சும் பாத்ரூம் கழுவும் ஆசிட்டும் ஒரே வாளியில் சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். பிளீச்சுக்கும் அம்மோனியாவுக்கும் அதே விதிதான். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் கட்டாயம். 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய சுருள் என்றால் தொடவே வேண்டாம். அது எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் வகைப் பிலிமாக இருக்கலாம், பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. வினிகர் வாடை அடித்தால் அது கெட்டுப்போகும் அசிடேட் வகைப் பிலிம். அதை மற்ற சுருள்களோடு ஒரே பெட்டியில் வைத்தால் அவையும் சீக்கிரம் கெடும். கையால் இழுத்தால் கிழிவது அசிடேட், கிழியாமல் நீள்வது பாலியெஸ்டர். இந்த வித்தியாசம் தெரியாதவர் அசிடோன் கலந்த பிலிம் சிமென்ட்டைப் பாலியெஸ்டரில் தடவிவிட்டு ஏன் ஒட்டவில்லை என்று முழிப்பார். பாலியெஸ்டருக்கு ஒட்டு நாடாதான்.

அடுத்து, இது வெறும் ஆசையா இல்லையா என்று பார்க்க ஒரு தேர்வு வையுங்கள்: ஒரே ஒரு நிமிடப் படம். 35 எம்எம்மில் ஒரு நிமிடத்துக்கு 90 அடி, 1,440 ஃபிரேம். ஒரு ஃபிரேமுக்கு ஓரத்தில் நான்கு துளை. விளக்குப் பலகையில் துளைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளாமல் கீறினால் கோடு திரையில் கண்டபடி துள்ளும்.

கறுப்பாக இருக்கும் வண்ணப் பிரிண்டில் எமல்ஷன் (சாயம் தாங்கும் ஜெலட்டின் பூச்சு) பக்கம் மெல்லக் கீறினால் பச்சை தெரியும், இன்னும் அழுத்தினால் மஞ்சள், அடிவரை போனால் வெள்ளை. மேலடுக்கு மெஜந்தா (கருஞ்சிவப்பு ஊதா), நடுவில் சியான் (நீலப்பச்சை), அடியில் மஞ்சள் என்று சாயங்கள் அடுக்கப்பட்டிருப்பதே காரணம். கை எவ்வளவு அழுத்துகிறதோ அதுவே நிறம். துளை ஓரத்தில் ஊசி பட்டால் பிலிம் அங்கேதான் அறும்.

பிளீச்சில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, ஓரடித் துண்டில் முதலில் சோதிக்கட்டும். பிளீச் ஜெலட்டினையே கரைக்கும் என்பதால் நேரம் தவறினால் மிஞ்சுவது வெறும் கண்ணாடி நாடா. எடுத்தவுடன் நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் காயும்வரை எமல்ஷனைத் தொடாமல் கிளிப் போட்டுத் தொங்கவிட வேண்டும். புதைத்த சுருளில் ஜெலட்டினைத் தின்பது பூஞ்சையும் நுண்ணுயிரும். அதைத் தட்டும்போது முகக்கவசம் அவசியம்.

இப்படிச் செய்ததைப் புரொஜக்டரில் ஓட்ட வேண்டாம். தடித்த பெயின்ட் உதிர்ந்து புரொஜக்டரில் பிலிம் ஒளி முன் கடக்கும் இடுக்கில் அடைக்கும், ஓட்டுபவரும் சும்மா இருக்கமாட்டார். பிலிமுக்குள் ஒளி பாய்ச்சும் டிரான்ஸ்பரன்சி வசதியுள்ள பிளாட்பெட் ஸ்கேனர் போதும். 2,400 டிபிஐயில் (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) 35 எம்எம் ஃபிரேமின் அகலம் ஏறக்குறைய 2,000 பிக்சல் வரும். 16 எம்எம்முக்கு 4,800 வையுங்கள்.

கூடவே ஒரு நோட்டு: எந்த வகைப் பிலிம், என்ன விகிதம், எத்தனை விநாடி, என்ன ஆயிற்று. சேர்க்கைக் குழுவின் முன் படத்தைவிட இந்த நோட்டு அதிகம் பேசும் என்பது எங்கள் கணிப்பு. பிலிம் எப்படிச் சாகும் என்று கையால் அறிந்தவர், அதைக் காப்பாற்றும் வேலைக்குப் பொருத்தமானவர்.

அந்த வேலைக்கான வழி இங்கேயே தொடங்குகிறது. மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன், உலகத் திரைப்படக் காப்பகங்களின் கூட்டமைப்போடு சேர்ந்து பிலிம் பாதுகாப்புப் பயிலரங்குகள் நடத்துகிறது. 2017-இல் சென்னையிலேயே நடந்தது. புனேயில் 1964-இல் தொடங்கிய தேசியத் திரைப்படக் காப்பகம் இருக்கிறது. பட்டம் முடிந்தபின் என்றால் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் அருங்காட்சியகம் 1996 முதல் நடத்தும் செல்ஸ்னிக் பள்ளியையும், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் காப்பகவியல் முதுகலையையும் பாருங்கள். கட்டணத்தையும் உதவித்தொகையையும் அவர்கள் தளத்திலேயே சரிபாருங்கள், ஏஜென்ட் சொல்வதை நம்பாதீர்கள். கலைக்காக மட்டும் போக நினைத்தால் கனடா ஒன்டாரியோவின் ஃபிலிம் ஃபார்ம் போன்ற குறுகிய காலப் பட்டறைகள் உண்டு. இரண்டாண்டுக் கடனைவிட அது மேல்.

விஸ்காமை அவர் முடிக்கட்டும். மீதமுள்ள பருவங்களில் அந்த ஒரு நிமிடப் படமும் நோட்டும் தயாரானால், ஒரு பயிலரங்குக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கடன் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கலாம்.